கால்வாய் வெட்டியவர்களின் சபை

சென்னையில் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிற பக்கிங்காம் கால்வாய்க்கு ஆந்திரக் கடற்கரையில் வேறொரு கதை இருக்கிறது. ராமாயப்பட்டினம் மாதிரி கடலோரக் கிராமங்களின் பாப்டிஸ்ட் கிறிஸ்தவ சபை வரலாற்றை, இந்தக் கால்வாயைத் தொடாமல் யாரும் பேச முடியாது.

அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் 1840-இல் நெல்லூரில் வேலையைத் தொடங்கினார்கள். பல வருஷம் சபை வளரவே இல்லை. மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் ஒரு தடவைக்கு மேல் பேச்சு வந்தது. நிலைமையை மாற்றியவர் யார் என்றால் எல்லோரும் ஓங்கோல் மிஷனரி ஜான் கிளவ் என்பார்கள். நான் எர்ரகுண்ட்ல பேரய்யா என்பேன். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மாதிகா சாதியில் பிறந்த தோல் வியாபாரி அவர். 1866-இல் ஞானஸ்நானம் பெற்றார். சாதி சனம் இருந்த ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய்க் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னார்.

அப்புறம் 1876–78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரண வேலையாக, பக்கிங்காம் கால்வாயில் சுமார் மூன்றரை மைல் தோண்டும் ஒப்பந்தத்தைக் கிளவ் எடுத்தார். சபையின் உள்ளூர்ப் பிரசங்கிகளான உபதேசியார்கள் மேஸ்திரிகளாக நின்றார்கள், பசித்து வந்தவர்களுக்குக் கூலி கிடைத்தது.

"சோத்துக்கு மதம் மாறினவங்க" என்று இன்றைக்கும் இளக்காரமாகச் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நிவாரண வேலை நடந்த காலத்தில், கேட்டு வந்தவர்களுக்குக்கூட கிளவ் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. வேலை முடிந்த பிறகும் அந்த மக்கள் வந்தார்கள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் தள்ளி வைக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு வயிறு மட்டும்தான் இருந்தது, மனசும் மானமும் இல்லை என்று நினைப்பதே அவமதிப்பு.

1878 ஜூலை 3-ஆம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பாப்டிஸ்ட் சபையில் தண்ணீர் தெளித்தால் போதாது, ஆளை முழுசாக முழுக்கி எடுக்க வேண்டும். அத்தனை பேரையும் முழுக்கியவர்கள் ஆறு தெலுங்குப் போதகர்கள். இரண்டிரண்டு பேராக முறை வைத்துத் தண்ணீரில் நின்றார்கள். கிளவ் யாரையும் முழுக்கவில்லை. ஆனாலும் கதை அவர் பெயரில்தான் நிற்கிறது. அந்த ஆறு பேரை எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் கடற்கரைச் சபைகளில் வேர் உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உப்புக் காற்றில் தாள் சீக்கிரம் இற்றுப்போகும். சபை பீரோவில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு இருந்தால், போதகரிடம் கேட்டு இந்த வாரமே பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். நூற்றாண்டு மலர் போடும்போது மிஷனரி படத்துக்கு முன்னால் அந்தப் பெயர்கள் வரட்டும்.