ஸ்டேஜிங்கில் சோதித்தது ஒன்று, புரொடக்‌ஷனில் ஏற்றியது வேறொன்று

"ஸ்டேஜிங்கில் எல்லாம் சரியாகத்தானே ஓடியது?" என்ற கேள்வியை இனிமேல் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். ஓடியது, உண்மைதான். ஆனால் ஸ்டேஜிங்கில் ஓடியதைத்தான் புரொடக்‌ஷனில் ஏற்றினீர்களா என்று நான் திருப்பிக் கேட்டால், அந்த அறையில் இருக்கும் ஒருவராலும் ஆம் என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. மென்பொருளை எழுத டெவலப்மென்ட், சோதிக்க ஸ்டேஜிங், மக்கள் பயன்படுத்த புரொடக்‌ஷன் என்று மூன்று சூழல்களுக்குப் பெயர் வைத்து, தனித்தனி முகவரி கொடுத்து, மாதாமாதம் கிளவுட் கட்டணமும் கட்டிவிட்டு, கடைசியில் மூன்றிலும் மூன்று வெவ்வேறு மென்பொருள்களை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வருடக்கணக்காக இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் நிறுவனம் கிருஷ்ணகிரியில் இருக்கிறது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. ஓசூரிலும் தருமபுரியிலும் இதே தொழிலில் இருக்கும் நண்பர்களைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். நாங்கள் எழுதும் செயலிகளைப் பயன்படுத்துபவர்கள், விடியற்காலையில் பால் அளக்கும் கொள்முதல் நிலையத்தாரும், மாம்பழப் பருவத்தில் இரவும் பகலும் வண்டிகளை எடை போடும் மாங்கூழ் ஆலைக்காரர்களும். பொழுதுபோக்குச் செயலி ஒன்று அரை மணி நேரம் முடங்கினால் மக்கள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இங்கே ஓர் எண் தவறினால் ஒரு குடும்பத்தின் பால் பட்டுவாடாவே தவறிவிடுகிறது. அந்த வேறுபாட்டை உணராதவர்கள் கையில்தான் புதிய பதிப்பை ஏற்றும் டிப்ளாய் பொத்தான் இருக்கிறது.

பால் நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பால் ஊற்ற வந்த அம்மா ஒருவர் தன் சீட்டை நீட்டி, "நேத்துக் காலையில ரெண்டு தடவை ஊத்துன மாதிரி போட்டிருக்குது, இன்னிக்கு ஒண்ணுமே இல்லையே தம்பி, அப்ப இன்னிக்கு ஊத்துன பாலு எங்க போச்சு?" என்று கேட்டார். முற்றிலும் நியாயமான கேள்வி. திங்கட்கிழமை அவர் 5.40 மணிக்கு வந்து ஊற்றியிருந்தார். செவ்வாய்க்கிழமை சற்று முன்னதாகவே, 5.10 மணிக்கு வந்துவிட்டார். புரொடக்‌ஷன் சர்வரின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. ஆகவே நமக்குச் செவ்வாய் விடியற்காலை 5.10 என்றால், அந்தச் சர்வருக்கு இன்னும் திங்கள் இரவு 11.40தான். 5.30க்குப் பிறகு ஊற்றியவர்களுக்கெல்லாம் சரியான தேதியும், அதற்கு முன்பே வந்தவர்களுக்கெல்லாம் முந்தைய நாள் தேதியும் விழுந்தன. ஒருவருக்கு ஒரு நாளில் காலைப் பால் ஒரே பதிவுதான் இருக்க முடியும் என்பது பட்டுவாடாக் கணக்கின் விதி என்பதால், இரண்டில் ஒன்றை இரட்டைப் பதிவு என்று கருதி அந்தக் கணக்கு கழித்தும் விட்டது. மாட்டைக் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு சீக்கிரம் வந்தவருக்குத்தான் நட்டம்.

இது ஏன் ஸ்டேஜிங்கில் தெரியவில்லை? ஸ்டேஜிங் சர்வரை எப்போதோ அமைத்த யாரோ ஒருவர், அதன் நேர மண்டலத்தைக் கையால் இந்திய நேரத்துக்கு மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கும் எழுதி வைக்கவில்லை, எந்தக் கோப்பிலும் அந்த மாற்றம் இல்லை. எங்கள் மடிக்கணினிகளும் இந்திய நேரத்தில்தான் இருக்கின்றன. புரொடக்‌ஷனில் மட்டும் செயலி, தனக்குத் தேவையானவற்றை உள்ளடக்கிய கன்டெய்னர் என்ற மென்பொருள் பெட்டிக்குள், அதன் இயல்பான யூடிசி நேரத்தில் ஓடுகிறது. சர்வர் யூடிசியில் இருப்பது தவறே அல்ல. அதுதான் நல்ல வழக்கம். பால் ஊற்றிய நாள் எது என்பதை இந்திய நேரப்படி கணக்கிடுமாறு கோடிலேயே (நிரலிலேயே) வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதாமல் விட்டது ஒரு பிழை. பிழை எந்தக் குழுவிலும் நேரும். ஆனால் அந்தப் பிழையைப் பிடிப்பதற்கென்றே காசு செலவழித்து வைத்திருக்கும் சூழலே அதை மூடி மறைத்ததே, அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எடைச் சீட்டிலும் இதே கதைதான். விவசாயியின் பெயரும் ஊரும் தமிழில் அச்சாக வேண்டும் என்று கேட்டு, வடிவமைத்து, ஸ்டேஜிங்கில் அச்சிட்டுப் பார்த்து ஒப்புதலும் வாங்கினோம். புரொடக்‌ஷனில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வரிசையாக வந்து நின்றன. ஸ்டேஜிங் சர்வரில் யாரோ தமிழ் எழுத்துருவை நிறுவியிருந்தார்கள். சிறியதாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த கன்டெய்னர் இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் மூலப் பொதியில்) தமிழ் எழுத்துரு எதுவுமே கிடையாது. டேட்டாபேஸ் பதிப்பு வேறுபடுவது இன்னும் மோசம். மையெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் 5.7 பதிப்பு வரை எழுத்துகளைச் சேமிக்கும் இயல்பான குறியாக்கம், தமிழ் அடங்காத லத்தீன்1. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் அது தமிழும் அடங்கும் யூடிஎஃப்8எம்பி4 ஆனது. ஸ்டேஜிங்கில் 8.0, புரொடக்‌ஷனில் 5.7 என்று வைத்துக்கொண்டு, குறியாக்கத்தை எங்கும் குறிப்பிடாமல் அட்டவணைகளை உருவாக்கினால், ஓரிடத்தில் முனியம்மாள் என்று நிற்கும் பெயர் இன்னோரிடத்தில் கேள்விக்குறிகளாகவோ பிழைச்செய்தியாகவோ வரும். தமிழில் செயலி கேட்கும் வாடிக்கையாளரிடம், தமிழ்தான் சிக்கல், ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் ஆட்கள் சமாதானம் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை. தமிழில் ஒரு சிக்கலும் இல்லை. நம் சூழல்கள் ஒன்றுபோல் இல்லை என்பதுதான் சிக்கல்.

செயலிகளை ஏற்றி ஓட்டும் தளங்களை உருவாக்குபவர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. ஸ்டேஜிங்கில் இருந்து புரொடக்‌ஷனுக்கு உயர்த்துவதற்கு அழகான பொத்தான் வைத்திருப்பார்கள். அதை அழுத்தினால், சோதித்து முடித்த அதே பொதி அப்படியே அடுத்த சூழலுக்குப் போகும் என்றுதான் எவரும் நம்புவார். சில தளங்களில் நடப்பது என்னவென்றால், மூலக் கோடை மறுபடியும் எடுத்து, புதிதாக இன்னொரு முறை பில்ட் செய்து (ஓடக்கூடிய பொதியாக்கி), அதை ஏற்றுகிறார்கள். இடையில் செயலி பயன்படுத்தும் ஏதாவது ஒரு நூலகம் (பிறர் எழுதிய ஆயத்தக் கோடு) புதிய பதிப்புக்கு மாறியிருந்தால், பதிப்பைப் பூட்டி வைக்காத செயலிக்குள் அது சத்தமில்லாமல் நுழைந்துவிடும். டாக்கர் என்ற கன்டெய்னர் கருவியின் இமேஜுக்கு லேட்டஸ்ட் என்று பெயரிட்டு ஏற்றுபவர்களும் இதையேதான் செய்கிறார்கள். அந்தப் பெயர் காலையில் ஓர் இமேஜைக் குறிக்கும், மாலையில் வேறோர் இமேஜைக் குறிக்கும். உள்ளடக்கத்தில் இருந்தே கணக்கிடப்படும் டைஜெஸ்ட் என்ற மாறாத அடையாளம் இருக்கும்போது, அதைக் கொண்டு ஏற்றாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. பில்ட், ரிலீஸ் (பொதியோடு அமைப்புகளைச் சேர்ப்பது), ரன் (ஓட்டுவது) ஆகிய மூன்றையும் கறாராகப் பிரித்து வையுங்கள், சூழலுக்குச் சூழல் மாறும் அமைப்புகளைக் கோடுக்கு வெளியே வையுங்கள், டெவலப்மென்டையும் புரொடக்‌ஷனையும் முடிந்தவரை ஒன்றுபோல் வையுங்கள் என்று செயலிகளை ஏற்றும் தளமான ஹெரோகுவைச் சேர்ந்த ஆடம் விக்கின்ஸ் தன் பன்னிரண்டு நெறிகளில் 2011ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். இது யாருக்கும் தெரியாத மறைபொருள் அல்ல. நேர்முகத் தேர்வில் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள், சேர்ந்த பிறகு ஒருவரும் செய்வதில்லை.

டேட்டாபேஸ் முகவரி, கடவுச்சொல் போன்ற அமைப்பு மாறிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு திரையில் பார்த்து இன்னொரு திரையில் கையால் தட்டச்சு செய்கிறார்கள், கடவுச்சொற்களை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள், ஒரு மாறி விடுபட்டால் செயலி தொடங்கவே மறுக்க வேண்டியதற்கு மாறாக ஏதோ ஓர் இயல்பு மதிப்பை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்குகிறது. நிறுத்தாமல் ஓடுவதைத் திறமை என்று நினைப்பவர்கள், தவறான டேட்டாபேஸில் எழுதிக்கொண்டே ஓடும் செயலியைக் கண்டதில்லை போலும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது, புரொடக்‌ஷன் சர்வருக்குள் நேராக நுழைந்து கோடைத் திருத்தும் பழக்கம். எங்கள் மாவட்டத்தில் மாம்பழப் பருவம் உச்சத்தில் இருக்கும் மாதங்களில், மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்களும் மினி லாரிகளும் பெங்களூரா காய்களை ஏற்றிக்கொண்டு சாலை வரை வரிசையில் நிற்கும். வண்டியோடு மொத்த எடை, இறக்கிய பின் வெற்று வண்டி எடை, இரண்டையும் கழித்தால் நிகர எடை. அந்த நிகர எடையைக் கிலோவில் இருந்து டன்னுக்கு மாற்றும்போது ஒரு தசம இலக்கத்தோடு நிறுத்திவிடும் பிழை ஒன்று எங்கள் செயலியில் இருந்தது. 3,480 கிலோ இறக்கியவரின் சீட்டில் 3.4 டன் என்று விழும். 80 கிலோ காய் காணாமல் போகும். வெயிலில் காத்துக் கிடந்து, ஓட்டுநருக்குக் காத்திருப்புக் கூலியும் கொடுத்துவிட்டு வரும் விவசாயி, அந்த 80 கிலோவுக்காக எடைமேடைப் பையனிடம் சண்டை போட வேண்டியிருந்தது.

நெருக்கடியில் மூத்தவர் ஒருவர் இரவோடு இரவாகச் சர்வருக்குள் போய் அந்த வரியைத் திருத்தினார். எல்லோரும் பாராட்டினார்கள். அந்தத் திருத்தம் கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் சேர்க்கப்படவில்லை, ஸ்டேஜிங்குக்கும் போகவில்லை. பிறகு வேறு ஏதோ ஒரு வசதிக்காகப் புதிய பதிப்பை முறைப்படி ஏற்றியபோது, பழைய வரியே மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டது. அதே பிழை, அதே வரிசை, அதே விவசாயிகள். கூட்டம் கூட்டி, "ஏற்கெனவே சரிசெய்ததை யார் கெடுத்தது?" என்று கேட்டார்கள். முறைப்படி ஏற்றிய இளைஞர் தலைகுனிந்து நின்றார். முறையை மீறித் திருத்தியவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பையனுக்கு, ஒழுங்காக வேலை செய்தால் திட்டு விழும் என்பதைத்தான் அந்தக் கூட்டம் கற்றுக்கொடுத்தது.

சிறிய நிறுவனத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரே பதில்தான். பெரிய நிறுவனங்களே இதில் சரிந்திருக்கின்றன. அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி புதிய மென்பொருளோடு சந்தைக்குள் இறங்கியது. எட்டுச் சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய கோடு ஏறியிருந்தது. எட்டாவதில் பழையது அப்படியே கிடந்தது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்து, அந்த நிறுவனம் தனியாக நிற்க முடியாமலே போயிற்று. கோடைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, துணை டேட்டாபேஸ் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் தரவை ஒருவர் அழித்துவிட்டார். காப்புப் பிரதியைத் தேடினால், காப்பெடுக்கும் கருவி 9.2 பதிப்பாகவும் டேட்டாபேஸ் 9.6 பதிப்பாகவும் இருந்ததால், அது எப்போதோ வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. அவர்கள் அதை மறைக்காமல் முழுவதும் வெளியில் எழுதினார்கள். அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன். நம் ஊரில் நடப்பவற்றை எழுதுவதற்கு யாரும் இல்லை என்பதால் அவை நடக்கவே இல்லை என்று ஆகிவிடாது.

செலவு என்ற வாதத்தையும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பருவம் முடிந்ததும் ஸ்டேஜிங்கை நிறுத்திவிட்டால் கட்டணம் மிச்சம் என்று முடிவெடுக்கிறார்கள். அடுத்த பருவத்துக்கு முன் அதை அவசரமாக எழுப்பும்போது, எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு, எந்த எழுத்துரு என்று நினைவில் இருந்து கட்டுகிறார்கள். சூழலை அமைக்கும் முறையை முழுவதும் கோடாக எழுதி கிட்டில் வைத்திருந்தால், தாராளமாக அழிக்கலாம், வேண்டும்போது அச்சு அசலாகத் திரும்ப எழுப்பலாம்; அவர்கள் கேட்கும் சிக்கனமும் அப்போதுதான் உண்மையில் கிடைக்கும்.

நிர்வாகத்திடம் நான் எழுத்தில் கேட்டிருப்பவை பெரிய விஷயங்கள் அல்ல. புரொடக்‌ஷன் சர்வருக்குள் நுழைந்து கோடைத் திருத்தும் அனுமதியை, என்னுடையதையும் சேர்த்து, எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட வேண்டும். ஒருமுறை பில்ட் செய்த பொதியே டைஜெஸ்ட் மாறாமல் மூன்று சூழல்களிலும் ஏற வேண்டும். நேர மண்டலமும் எழுத்துருவும் டேட்டாபேஸ் பதிப்பும் கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சூழலுக்குச் சூழல் வேறுபடும் மாறிகளின் பட்டியல், மதிப்புகள் இல்லாமல் பெயர்கள் மட்டுமாவது, கிட்டில் இருக்க வேண்டும். இதை முடிக்க இரண்டு பேரைச் சில வாரங்களுக்கு வேறு வேலை கொடுக்காமல் விட்டால் போதும். பருவம் தொடங்குவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அது நடக்கும் வரை எடைமேடைச் செயலியின் எந்தப் புதிய பதிப்புக்கும் நான் ஒப்புதல் கையெழுத்துப் போடப்போவதில்லை.