இண்டைக்கு மெட்ச் இரிக்கா இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு எழும்பி வானத்தைப் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. எங்கள் ஊர்க் கிரிக்கெட் வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறேன்: "இண்டைக்கு மெட்ச் இரிக்கா?" பதில் இல்லை. யாரோ ஒருவர் தாமரைப்பூப் படத்தோடு காலை வணக்கம் சொல்கிறார். ஒன்பது மணிக்கு ஒரு சொல் வருகிறது: "பார்ப்பம்."

இந்தப் "பார்ப்பம்"மை நம்பி, சைக்கிளில் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தைக் கடந்து எதிர்க்காற்றில் மிதித்துப் போனேன். மைதானத்தில் மூன்று மாடுகள். ஒன்று மிட்ஓஃபில் படுத்து அசைபோடுகிறது. மெட்ச் இல்லை என்ற முடிவை ஏற்பாட்டாளர்கள் முதல் நாள் இரவே எடுத்துவிட்டார்களாம். அதைக் குழுவில் போட ஒருத்தருக்கும் விரல் வரவில்லை. குழுவில் கேட்டுப் பதில் வராதது இது மூன்றாவது கிழமை.

மழைக்காலத்தில் மெட்ச் வைத்தால் இப்படித்தான். மழை என்ன, சொல்லாமல் வந்த விருந்தாளியா? மட்டக்களப்பில் வருடம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரியில்தான் கொட்டுகிறது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழும்பில் தை மாசியில் வெயில் எறிக்கும், அங்கே அப்போது விளையாடுகிறார்கள், சரி. நாம் ஏன் அதே மாதத்தில் தொடங்க வேண்டும்? கச்சான் காற்று வீசி நிலம் வெடிக்கிற மாதங்களில் மைதானம் சும்மா கிடக்கிறது. வயல்காரன் பருவம் பார்த்து விதைக்கிறான். இவர்கள் கலண்டரில் சிவப்பு நாள் பார்த்து விதைக்கிறார்கள்.

அதற்கு முதல் கிழமை நடந்ததைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் விளங்கும். 20 ஓவர் மெட்ச், தோற்றால் வெளியே போகிற நொக்அவுட். எங்கள் ஊர்ப் பெடியன்களுக்கு இலக்கு 96. விக்கெட் விழாமல் 41 ஓட்டம். ஐந்து ஓவர் முடிந்திருந்தால் மழை வந்தாலும் கணக்குப் போட்டு வெற்றி தந்திருக்கலாம். 4.2 ஓவரில் கொட்டத் தொடங்கியது. நாலு பந்து! ஓடிப்போய் படங்கை விரித்தார்கள். அதிலே என் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதுவும் சரியாகப் பந்து குத்துகிற குட் லெந்தில். மழை விட்டதும் பிட்சில் விரிக்கிற மெட்டிங்கைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது, அவ்வளவு தண்ணீர் குடித்திருந்தது. மரத்தூள் கொட்டினார்கள், அது மிதந்தது.

பிறகு நடுவர் ஐந்து ரூபாய் குற்றியைச் சுண்டினார். நாங்கள் பூ கேட்டோம், தலை விழுந்தது. அவ்வளவுதான், எங்கள் அணிக்கு இந்தச் சீசன் முடிந்தது. மழையில் நின்றால் திரும்ப ஆட ரிசேர்வ் நாள் இல்லையா என்று கேட்டால், "அடுத்த கிழமை மைதானத்தில வேற நிகழ்ச்சி இரிக்கி, தம்பி" என்கிறார்கள். அந்த அடுத்த கிழமைதான் மூன்று மாடுகள் நிகழ்ச்சி நடத்திய கிழமை.

"பெரிய மெட்சுகளே மழையில போகுதுதானே" என்று ஒரு அண்ணன் சமாதானம் சொன்னார். உண்மைதான். 2002இல் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் சம்பியன்ஸ் கிண்ண இறுதிப் போட்டி. இரண்டு நாளும் இலங்கை 50 ஓவர் ஆடியது, இரண்டு நாளும் இந்தியா துடுப்பெடுத்தாடும்போது மழை. 110 ஓவருக்கு மேல் வீசியும் முடிவில்லை. ஆனால் அங்கே ரிசேர்வ் நாள் வைத்தார்கள், அதுவும் கழுவிப் போனதும் கிண்ணத்தை இரண்டு அணிக்கும் கொடுத்தார்கள். குற்றி சுண்டி ஒருவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. பிரேமதாசவில் மழைத்துளி விழுந்தால் முழு மைதானத்தையும் மூடிவிடுவார்கள். அவ்வளவெல்லாம் நான் கேட்கவில்லை. ஓட்டையில்லாத படங்கு ஒன்று, மெட்ச் இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி. இவ்வளவுதான்.

காசு இல்லையாம். போன மாதம் வீடு வீடாய் வந்து சேர்த்தார்களே, நானும் ஆயிரம் ரூபாய் கொடுத்தேனே? அது ஜேர்சிக்காம். முதுகில் பெயர், இலக்கம், கையில் இரண்டு கோடு. நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு முறை போட்டார்கள், 4.2 ஓவர்.

"அந்த ஜேர்சியெல்லாத்தையும் சேர்த்துத் தைச்சாவது பிட்சை மூடுங்கடா" என்று நேற்று இரவு குழுவில் போட்டேன். மூன்று கிழமையாக ஒரு கேள்விக்கும் பதில் வராத குழு. இதற்கு மட்டும் ஒரு நிமிடத்தில் வந்தது. என்னைத் தூக்கிவிட்டார்கள்.