பழைய வீட்டுக்குப் புது பெயின்ட் எதற்கு?

பெரம்பூரிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ சின்னதாக ஒரு பழைய வீடு விலைக்கு வந்தால், முதலில் மூக்கைத் துளைப்பது பெயின்ட் வாசனை. ஏன் இந்த அவசரப் பூச்சு? தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் நகத்தால் சுரண்டினால் போதும், சிமென்ட் உப்பு பூத்து மாவாகக் கொட்டும். மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின்மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய காலத்துக் கூரை) என்றால் உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையைப் பார்க்கணும். ஈரமும் கரையானும் அங்கேதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் வாசல் பள்ளமாகிவிட்டது, மழைத்தண்ணீர் வேறெங்கே போகும்? மூலப்பத்திரம் கேட்டால் ஜெராக்ஸ். வாரிசு ஐந்து பேர், கையெழுத்துப் போட வருவது மூன்று பேர். பட்டா இன்னும் தாத்தா பேரில். இதற்குமேல் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%. "எல்லாம் கிளியர் சார்" என்கிறார் புரோக்கர். எதைய்யா கிளியர் பண்ணினீங்க?