விளம்பரம் போட்டுத் தத்துக் கொடுத்த பிள்ளைகள்

கனடாவின் பூர்வகுடிகளில் ஒன்றான க்ரீ இனத்தில் பிறந்து தத்துப் போன பெண் ஒருவர் 40 வருடம் கழித்துத் தாய்வீட்டைத் தேடிப் போனதை எழுதியிருக்கிறீர்கள். 'பழைய கதை, இப்போது எதற்கு?' என்று இங்கே ஒருவர் கேட்கிறார். எதற்கென்று சொல்கிறேன்.

நான் கனடாவில், வின்னிபெக்கில் இருக்கிறேன். என்னோடு வேலை செய்த அக்கா ஒருவரும் இப்படிப் போனவர்தான். அமெரிக்காவில் ஒரு பண்ணைக் குடும்பம் 'உனக்கு இத்தாலிய ரத்தம்' என்று சொல்லியே வளர்த்ததாம். பிறந்த ஊருக்கு முதல்முறை போனபோது, பெரியம்மா சூடான பானக் ரொட்டியைப் பிட்டுக் கையில் வைத்து க்ரீயில் ஏதோ கேட்டிருக்கிறார். ஒரு சொல்லும் புரியவில்லை. ரொட்டி ஆறும்வரை அப்படியே நின்றாராம்.

இது ஏதோ ஒரு வீட்டுத் துயரம் இல்லை. 1951-ல் பூர்வகுடிகளுக்கான 'இந்தியர் சட்டத்தை'த் திருத்திய பிறகு மாகாணக் குழந்தைநல அதிகாரிகள் ரிசர்வுகள் எனப்படும் பூர்வகுடிகளின் ஒதுக்கீட்டு நிலங்களுக்குள்ளும் நுழைந்தார்கள். 20,000 பிள்ளைகளுக்கு மேல் பெற்றோரிடமிருந்து எடுத்து வேற்று வீடுகளுக்குக் கொடுத்தார்கள். சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1967 முதல் பிள்ளைகளின் படத்தைப் பேப்பரிலேயே போட்டு ஆள் தேடினார்கள். நாய்க்குட்டி விளம்பரம் மாதிரி! 1985-ல் எங்கள் மனிடோபா மாகாண நீதிபதி கிமெல்மன் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே எழுதினார். சரி, 2017-ல் கனடா அரசு 80 கோடி டாலர் இழப்பீடு அறிவித்தது. அதிலும், பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வம்சமான மெத்தி மக்களை விட்டுவிட்டார்கள்.

அக்கா இப்போது க்ரீ வகுப்புக்குப் போகிறார். பெரியம்மா அன்று கேட்டது என்னவென்று அப்புறம்தான் தெரிந்ததாம்: "ஜாம் வேணுமா?"