1965 போரில் ‘முஸ்லிம் ரெஜிமெண்ட்’ சண்டையிட மறுத்ததா?

போர் என்று பேச்செடுத்தாலே வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பொய் இது: 1965இல் ‘முஸ்லிம் ரெஜிமெண்ட்’ பாகிஸ்தானை எதிர்க்க மறுத்ததாம், அதனால் கலைக்கப்பட்டதாம்.

சுதந்திர இந்திய ராணுவத்தில் அப்படி ஒரு ரெஜிமெண்ட் இருந்ததே இல்லை. இல்லாத படையை எப்படிக் கலைப்பது?

அதே போரில் நடந்ததைப் பாருங்கள். பஞ்சாப் எல்லையில் கேம்கரண் பகுதி, அசல் உத்தர் போர்க்களம். 4ஆவது கிரனேடியர்ஸ் படையின் அவில்தார் அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு பயிர்களுக்குள் மறைந்திருந்து பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை ஒவ்வொன்றாக அடித்தார். எத்தனை என்பதில்தான் கணக்குகள் மாறுகின்றன. செப்டம்பர் 10 அன்று உயிரிழந்தார். ஒரு வாரத்துக்குள், போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயரிய விருதான பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது.

உத்தரப் பிரதேசம் காஜிப்பூர் மாவட்டத்தின் தாமுப்பூரில் 1933இல் பிறந்தவர். அப்பா தையல்காரர்; இவரும் கூட உட்கார்ந்து தைத்தவர்தான். 1966 குடியரசு நாளில் விருதை வாங்கியவர் மனைவி ரசூலன் பீவி. கணவரின் நினைவிடத்துக்காக அந்த அம்மா கடைசிவரை ஓயவில்லை. 2017இல் அவர் அழைத்து, ராணுவத் தளபதியே தாமுப்பூருக்கு வந்தார். 2019இல் ரசூலன் பீவி காலமானார்.