உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதிப் பாருங்கள்

ஆறு மாதத்துக்கு முன்பு எனக்கு பி.பி. 150/96 காட்டியது. "உப்பைக் குறைங்க" என்றார் டாக்டர். "நான் ஊறுகாயே தொடுறதில்ல சார்" என்றேன் ரோஷமாக. அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. "வீட்ல ஒரு கிலோ உப்பு எத்தனை நாளைக்கு வருது?" என்றார். திருதிருவென முழித்தேன். பாலுக்கும் கேஸுக்கும் கணக்கு வைத்திருக்கிறவனுக்கு உப்புக் கணக்கு தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, புதுப் பாக்கெட்டைப் பிரித்த அன்றே அதன் மேல் பேனாவால் தேதி எழுதினேன். 22 நாளில் காலி. நாங்கள் நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 11 கிராமுக்கு மேல் வருகிறது. கீரை அலசியது, வடித்துக் கொட்டியது, மிஞ்சியது என்று தாராளமாகக் கழித்தாலும் 9 நிற்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ 5 கிராமுக்கும் கீழே. ஒரு டீஸ்பூன்கூட முழுசாகக் கிடையாது. அந்த 5 கிராமிலேயே 2000 மில்லிகிராம் சோடியம் வந்துவிடுகிறது. இத்தனைக்கும் மகன் கேன்டீனில் சாப்பிடுவதும், சாயங்காலம் நான் தின்கிற பஜ்ஜியும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

சந்தேகம் வந்து, மாவு கரைக்க அம்மா எடுத்த 'ஒரு கை' கல் உப்பை வாங்கி எடை மெஷினில் வைத்தேன். 42 கிராம். மூன்று நாள் இட்லி மாவுக்கு. "உங்கப்பா இருந்தவரைக்கும் இதே கைதான்டா" என்றார் அம்மா. அப்பா போனது பக்கவாதத்தில். நான் வாயைத் திறக்கவில்லை.

உப்பு என்றதும் எல்லாரும் ஊறுகாய், அப்பளம், கருவாட்டைத்தான் திட்டுகிறார்கள். திட்டட்டும், தப்பில்லை. அப்பளத்தில் உப்பு போதாதென்று அப்பளக்காரம் என்கிற சோடா உப்பு வேறு சேர்ப்பார்கள், அதுவும் சோடியம்தான். ஆப்பசோடாவும் அப்படியே. ஆனால் என்னைக் கேட்டால் முதல் குற்றவாளி சோறு. எங்கள் வீட்டில் சோற்றுக்கு உப்பு போடுவதில்லை. அந்தச் சோறு மொத்தத்துக்குமான உப்பைக் குழம்பும் ரசமும்தான் சுமக்க வேண்டும். சோறு மலையாகக் குவிந்தால் குழம்பு கூடும், கூடவே உப்பும் கூடும். புளி தூக்கலாக இருந்தால் அதற்கு ஈடுகட்ட இன்னும் கொஞ்சம். அதனால் நான் முதலில் உப்பு டப்பாவைத் தொடவில்லை. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்தேன், புளியைக் குறைக்கச் சொன்னேன், தயிருக்கு உப்பை நிறுத்தினேன். முதல் மூன்று வாரம் சாப்பாடு மண் மாதிரி இருந்தது. அப்புறம் நாக்கு வழிக்கு வந்துவிட்டது.

இதற்கிடையில் வாட்ஸ்அப் பார்த்து மனைவி இந்துப்பு வாங்கி வந்தாள். சாதா உப்பைவிடப் பல மடங்கு விலை. அதுவும் கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடுதான், கொஞ்சம் ரோஸ் கலரில். நல்ல உப்புதானே என்று கூடுதலாக ஒரு சிட்டிகை போடுவதுதான் நடந்தது.

சோடியம் குறைத்த உப்பு என்று விற்பது வேறு சமாச்சாரம். அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், அந்த மாதிரி உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நிஜமாகவே நல்ல விஷயம். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில பி.பி. மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அம்மாவுக்கு கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) கூடுதல் என்பதால் எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை.

பாக்கெட் தின்பண்டம் என்றால் பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று பார்த்து இரண்டரையால் பெருக்குங்கள். 800 மில்லிகிராம் என்று இருந்தால் 2 கிராம் உப்பு.

போன பாக்கெட் 38 நாள் வந்தது. ஆளுக்கு ஆறரை கிராம் சொச்சம், இன்னும் இறங்கணும். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. பக்கத்து இலைக்காரர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தம்பி, உப்பு கொஞ்சம் கொண்டாங்க" என்றார்.