பெரியம்மாவின் பாதத்தை விட்டுவிடுங்கள், மாஸ்டர்

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்து யோகா வகுப்பில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோவைத்தான் நம் ஊர் சுங்கை சிப்புட்டே பார்த்துவிட்டதே. ஆனால் "மாஸ்டர் சரியாகத்தானே திருத்தினார்" என்று வரிசையாக வந்து எழுதுகிறார்கள் பாருங்கள், அதைப் பார்த்த பிறகு பொறுக்க முடியவில்லை.

அவர் திருத்தியது என்ன? தாடாசனம். சும்மா நேராக நிற்பது. பெரியம்மாவுக்குப் பாதம் எப்போதுமே கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பித்தான் இருக்கும். கோலாலம்பூரில் இருந்து வந்த மாஸ்டர் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினார். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். பாதம் நேரானதும் முட்டிச் சில்லு இரண்டும் உள்பக்கம் திரும்பி ஒன்றையொன்று பார்க்கின்றன. "முட்டி இழுக்குது மாஸ்டர்" என்கிறார். "பழகினா சரியாகிடும்மா" என்று பதில். மண்டபமே சிரிக்கிறது.

எது பழகும்? முட்டிக்குக் கீழே இருக்கும் எலும்பே சிலருக்கு வெளிப்பக்கம் முறுக்கி இருக்கும். இடுப்புக் குழி எந்தப் பக்கம் பார்க்கிறது, அதில் உட்காரும் தொடை எலும்பின் கழுத்து என்ன கோணம், எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். தசையைப் பழக்கலாம். எலும்பைப் பழக்க முடியாது. பாதத்தை மட்டும் பிடித்துத் திருப்பினால் அந்த முறுக்கை முட்டிதான் வாங்கிக்கொள்ளும். முட்டி எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பாதமும் அந்தப் பக்கமே பார்க்கட்டும் என்று விட்டால் என்ன குடி முழுகிவிடும்?

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இன்றைக்கும் குந்தி உட்கார்ந்துதான் நெத்திலி ஆய்வார். குதிகால் தரையில் பதிந்திருக்கும், முட்டி விரலைத் தாண்டி எங்கேயோ இருக்கும். "முட்டி விரலைத் தாண்டக் கூடாது" என்று வகுப்புக்கு வகுப்பு ஓதுகிறார்களே, அந்தக் கட்டளைப்படி அம்மா இந்நேரம் படுத்த படுக்கையாக இருக்க வேண்டும். அவர் பெற்ற எனக்கோ குந்தினால் குதிகால் தரையைத் தொடவே தொடாது. ஒரே வீட்டுக்குள்ளேயே இப்படி என்றால், மண்டபத்தில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே கட்டளையா?

கித்தா மரத்துக்கே, அதாவது அந்த ரப்பர் மரத்துக்கே, ஒட்டு மரம் என்றால் 30 டிகிரி, விதை மரம் என்றால் 25 டிகிரி என்று வெட்டின் சாய்வை மாற்றுவார்கள். மரத்துக்குப் பார்ப்பதை மனுஷிக்குப் பார்க்கக் கூடாதா?

உடனே ஐயங்காரைக் கூப்பிடுவீர்கள், தெரியும். யோகா ஆசான் பி.கே.எஸ். ஐயங்கார் கறாரானவர்தான். ஆனால் முடியாதவர்களுக்குக் கட்டை, பெல்ட், நாற்காலி, போர்வை என்று கொடுத்து ஆசனத்தை உடம்புக்குப் பக்கத்தில் கொண்டு வந்தவரும் அவரேதான். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவீர்கள். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியோ ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்கட்டும் என்று சொல்லி முடித்துக்கொண்டார். பாதத்துக்கு அளவுகோல் எதுவும் வைக்கவில்லை.

"அப்படியென்றால் ஆளாளுக்கு இஷ்டப்படி செய்யலாமா, அடிபட்டால்?" நியாயமான கேள்வி. சிரசாசனத்தில் பாரம் கழுத்தில் இறங்குகிறது, அங்கே நானும் கறார்தான். காலை அகட்டிப் பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் இரண்டு சுவருக்கு நடுவே நிற்பது போல இடுப்பைத் தட்டையாக்கச் சொல்கிறீர்களே, அது எதற்கு? கால் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் என்று இழுத்தால் முதுகின் அடியில் இருக்கும் மூட்டுதான் வலிக்கும். இடுப்பும் கொஞ்சம் கூடவே திரும்பிப் போகட்டுமே. போட்டோவில் அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

"நீ என்ன டாக்டரா?" இதற்கெல்லாம் பதில் கிடையாது.

என்னிடமும் அதே 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்தான் இருக்கிறது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவில்லை, அது என் குற்றம் போலிருக்கிறது. இத்தனை காலம் அந்த மண்டபத்தைக் கூட்டி, பாய் விரித்து, ஒரு வெள்ளிகூட வாங்காமல் சொல்லிக் கொடுப்பவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தோட்டத்து ஆளுங்களுக்கு உடம்புல ஒழுங்கு இல்லை" என்று ஒருவர் மைக்கில் சொல்கிறார், நம் கமிட்டி அண்ணன்மார்கள் மாலை போட்டு அனுப்புகிறார்கள். விடியற்காலை தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, காண்டா என்னும் காவடிக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்து நடந்தவர் அந்தப் பெரியம்மா. அவருக்கு நிற்கத் தெரியாதாம்!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். வீடியோ எடுத்த தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லவில்லை. கீழே சிரிப்புப் படம் போட்டிருப்பதைப் பெரியம்மாவின் பேரப்பிள்ளைகள் எடுத்துக் காட்டுவதற்குள் அதை அழித்துவிடு. அப்புறம் வந்து என்னோடு சண்டை போடுகிறவர்கள் போடலாம்.